நீரினின்றும் நெருப்பு

நீரானது இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பதனைச் சிறு வகுப்பிலேயே யாம் படித்தோம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அதனை எம் மனம் மெய்யாக ஒப்புக்கொண்டது சென்ற கோடை விடுமுறையில், எம் இல்லத்து மாட்டுத் தொழுவத்திலேயாம். ஒப்புக்கொள்ளும்படி செய்தது ஒரு வெடி. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

யாம் உடன்பிறந்தார் இருவர்; மூத்தவன் இக்கல்லூரியில் இரசாயனமும் இளையவன் பௌதிகமும் பயில்கின்றோம். எம் ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். மழையும் கிணறுமன்றி வேறு நீர்வளம் அங்கே இல்லை. கிணற்று நீரை இறைக்க எம் தந்தையார் ஐந்து குதிரைச் சக்தியுள்ள டீசல் எஞ்சின் ஒன்று வைத்திருக்கின்றார். உழவுக்குரிய இலவச மின்னிணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போருள் அவரும் ஒருவர். எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் டீசல் குடிக்கும். மிளகாய்ச் செடிக்கு நீர் பாயும் நாளெல்லாம் அவர் வாய்க்காலைப் பார்ப்பதினும் டீசல் தகரத்தைப் பார்ப்பதே மிகுதி.

சித்திரை மாதத்தில் வணிகர் ஒருவர் எம் ஊர்க்கு வந்தார். அவர் கையிலிருந்தது ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே எவர்சில்வர்த் தகடுகளும் நீரும் இருந்தன. எஞ்சின் சக்கரத்தோடு பெல்ட்டுப் போட்டு ஒரு சிறு டைனமோவைச் சுழற்றினால், அதன் மின்சாரம் பெட்டியிலுள்ள நீரை வாயுவாக்கும் என்றும், அவ்வாயுவை எஞ்சின் காற்றிழுக்கும் குழாயினுட் செலுத்தினால் டீசலிற் பாதி மிஞ்சும் என்றும் அவர் கூறினார். விலை 38,000 ரூபாய். பெட்டியின் குழாய் முனையைச் சவுக்கார நீரில் அமிழ்த்தி, எழுந்த நுரையிலே தீக்குச்சியைக் காட்டினார்; படீரென்று வெடித்தது. கூடியிருந்தோர் அனைவரும் வியந்து நின்றனர். யாமும் வியந்தோம் என்பதனை மறைத்துப் பயனில்லை.

மூலிகையிட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக 1996-ஆம் ஆண்டில் தமிழ் நாடெங்கும் எழுந்த ஆரவாரத்தை எம் தந்தையார் தம் இளமையிற் கேட்டவர்; அது பொய்யாய் முடிந்ததனையும் அறிந்தவர். அதனை நினைவூட்டியபோது, "அது மூலிகைலே, இது கரண்டு. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. மின்சாரம் நீரைப் பிரிக்கும் என்பது பொய்யன்று; எம் பாடப் புத்தகத்தில் உள்ளதே. அன்றிரவு எம் அன்னையாரின் வளையல் இரண்டனை அடகு வைத்தல் பற்றிய பேச்சு அடுக்களையில் நிகழ்ந்ததை யாம் திண்ணையிலிருந்து கேட்டோம். மறுநாட் காலையில் எம்மை அழைத்து, "படிச்ச பயலுகதானே நீங்க, ஒரு மாசத்துக்குள்ள பாத்துச் சொல்லுங்க" என்றார். வணிகரையும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியனுப்பினார்.

நீரைப் பிரிக்கும் கலை புதிதன்று. எரியும் காற்று ஒன்று உண்டென்பதை 1766-ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய ஹென்றி கேவண்டிஷ் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர், நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் ஹைட்ரஜன் என்று அதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியர். தமிழில் நீரகம் என்போர் அப்பொருள் பற்றியே கூறுவர். வோல்ட்டா தாம் கண்ட மின்னடுக்கைப் பற்றி எழுதிய அதே 1800-ஆம் ஆண்டில், லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அத்தகைய அடுக்கொன்றைச் செய்து, அதன் கம்பிகளை நீரிலிட்டு இரு வாயுக்களையும் எழச் செய்தனர். ஆகவே எம் ஊர்த் தெருவில் வணிகர் காட்டிய புதுமை இருநூற்றிருபது ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது. இது யாம் பின்னர் நூலகத்திற் படித்தறிந்தது. அப்போது எமக்கிருந்தது ஆர்வம் ஒன்றே.

முதல் முயற்சி நகைப்புக்கிடமாயிற்று. எம் ஆச்சியின் பழைய எவர்சில்வர்த் தாம்பாளம் ஒன்று பரணிற் கிடந்தது. கேளாமலே எடுத்து, தகரக் கத்திரியால் வெட்டித் தகடுகளாக்கினோம். ஒரு கண்ணாடிச் சாடியில் நீரூற்றி, மின்சாரம் எளிதிற் செல்லுதற்குக் கறியுப்பையிட்டு, பழைய கார் பாட்டரியின் கம்பிகளை இணைத்தோம். குமிழிகள் திரள்திரளாய் எழுந்தன. ஆனால் குடிநீர்த் தொட்டியில் வெளுப்புத் தூள் போட்ட நாளில் எழும் நாற்றம் தொழுவமெங்கும் பரவிற்று. பசு மூக்கைச் சுளித்துக்கொண்டு கயிற்றை இழுத்தது. உப்பிலுள்ள குளோரின் அன்றோ வெளிப்பட்டது! சாடியின் நீரும் சிறிது நேரத்திற் பழுப்பும் மஞ்சளுமாகக் கலங்கிற்று. இரசாயன ஆசிரியரிடம் தொலைபேசியில் வினவினோம். எவர்சில்வரில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்துள்ளன, உப்பு நீரில் அவை கரைந்து வரும், அவ்வாறு கரையும் குரோமியத்தில் நஞ்சாகும் வகையும் உண்டு, அந்நீரைக் கையால் தொடற்க, தொழுவில் ஊற்றவும் வேண்டா என்று எச்சரித்தார். ஆப்பச் சோடாவையிட்டுப் பார்த்தோம். நாற்றமில்லை, வேகமும் இல்லை. ஈற்றில், தொழிற்சாலைகளிற் கையாளும் காஸ்டிக் பொட்டாஷையே மதுரையில் ஓர் இரசாயனக் கடையில் வாங்கி வந்தோம். அதனை நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, அதன்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை அணிந்திருந்தும் ஒரு துளி சட்டையிற் பட்டு, மறுநாள் அவ்விடத்தில் விரல் நுழையும் துளை கண்டோம்.

இப்போது நீர் தெளிவாக இருந்தது. இரு தகடுகளின்மேலும் நீர் நிறைந்த கண்ணாடிக் குழாய்களைத் தலைகீழாய்க் கவிழ்த்தோம். மின்சாரம் பாய்ந்தபோது ஒரு குழாயில் வாயு ஒரு விரற்கடை சேர மற்றொன்றில் இரு விரற்கடை சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் இரண்டுக்கு ஒன்று என்று படித்தது கண்முன்னே குழாயில் நின்றது. எம் அன்னையாரை அழைத்துக் காட்டினோம். அவரும் பார்த்து, "இதுக்கா ரெண்டு நாளாச் சோறு தின்ன வரல?" என்று கேட்டுவிட்டுச் சென்றார்.

நிற்க. இவ்விடத்தில் ஒரு செய்தியை விரித்துக் கூறுதல் வேண்டும். வீட்டில் இதனைச் செய்வோர் பெரும்பாலும் இடறுவது இங்கேயாம். நீரைப் பிரிப்பதற்கு மிகக் குறைந்த மின்னழுத்தம் 1.23 வோல்ட்டு. பிரிதற்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே கொடுப்பதாயின் 1.48 வோல்ட்டு. நடைமுறையில், தகட்டின் மேற்பரப்பிலும் நீரின் ஊடேயும் நிகழும் இழப்பையும் சேர்த்து இரண்டு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். யாமோ இரண்டே தகடுகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வோல்ட்டுப் பாட்டரியை அப்படியே இணைத்திருந்தோம். எஞ்சிய மின்னழுத்தமெல்லாம் என் செய்தது? நீரைச் சுட வைத்தது. சாடியைத் தொட்டபோது கை பொறுக்கவில்லை. வாயு எவ்வளவு எழும் என்பதை நிச்சயிப்பது மின்னழுத்தம் அன்று, மின்னோட்டமே. மைக்கேல் ஃபாரடே 1830-களிற் கண்ட விதி இது. ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் எம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 0.46 லிட்டர் ஹைட்ரஜன் எழும். எவர் செய்தாலும், எந்த இரகசியத் தகடு போட்டாலும், ஓர் அறைக்கு அதற்குமேல் எழாது. ஆதலால் அறைகளைத் தொடராக அடுக்குதலே வழி. ஆறு தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பழைய லாரி டியூபை வெட்டி இடையிடையே வளையமாக வைத்து முடுக்கினோம். ஐந்து அறைகள் ஆயின, அறைக்கு 2.4 வோல்ட்டு. ஓட்டம் 5 ஆம்பியர். செலவு 60 வாட்டு. வணிகரின் பெட்டிக்குள் இருந்ததும் இதுவே என்பது அப்போது விளங்கிற்று. விளங்கிய களிப்பில் அறிவு மழுங்கியது.

இவ்வகைப் பெட்டியில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரிந்து வாரா, கலந்தே வரும். அதுவும் எரிவதற்கு வேண்டிய சரியான அளவிலேயே கலந்து வரும். காற்றோடு கலந்த ஹைட்ரஜனே நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவிலும் பற்றிக்கொள்ளும். பற்றுதற்கு வேண்டிய பொறியோ மிக மிகச் சிறியது. ஆக்ஸிஜனோடு சேர்ந்ததன் வேகத்தைச் சொல்ல வேண்டா. குழாய்முனையில் ஏற்றிய தீ, வாயு வெளிவரும் விரைவினும் மிக்க விரைவுடன் குழாயினுள்ளே பின்னோக்கி ஓடும். அதனைத் தடுத்தற்பொருட்டு வாயுவை ஒரு நீர்ப் போத்தலினூடே குமிழியிட்டு வரச் செய்தல் வேண்டும். அப்போத்தலை மறுநாள் வைக்கலாம் என்று இருந்துவிட்டோம். தீக்குச்சியைக் காட்டியதுதான் தாமதம். பொட்டாஷ் நீர் வைத்திருந்த பிளாஸ்டிக் ஜாடி பெரும் ஓசையுடன் பிளந்தது. மூடி மேலே பாய்ந்து ஓட்டிலொன்றை உடைத்தது. மூத்தவன் விளையாட்டாக அணிந்திருந்த மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் முன்கண்ணாடியெங்கும் காரநீர் தெறித்தது. அக்கண்ணாடி இல்லையெனில் இக்கட்டுரையை ஒருவனே எழுத, மற்றவன் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும். இளையவனின் முன்கையில் ஒரு சாண் நீளம் வெந்தது. ஆச்சி ஓடிவந்து, ஒன்றும் கேளாமல், தண்ணீர்த் தொட்டியண்டை இழுத்துச் சென்று குடங்குடமாய் ஊற்றினார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அதுவே சரியான சிகிச்சை என்று பின்னர் மருத்துவர் கூறினார். பசு மூன்று நாள் பால் கொடுக்கவில்லை. தந்தையார் ஒரு சொல்லும் கூறாது ஓட்டை மாற்றினார். அம்மௌனம் எமக்கு வெடியினும் கொடிதாயிருந்தது.

அதன்பின் தொழுவத்தை விட்டு வெட்டவெளிக்கு வந்தோம். தகடுகளின் இடையே கெட்டியான நைலான் துணியை மறைப்பாக வைத்து இரு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் வாங்கினோம். ஆக்ஸிஜனைக் காற்றில் விட்டோம். ஹைட்ரஜன் செல்லும் வழியில் நீர்ப் போத்தல் இரண்டு வைத்தோம். வாயுவைச் சேர்த்து வைப்பதில்லை என்று ஆச்சியின் முன்னிலையில் உறுதி கூறினோம். இப்போது ஐந்து அறைகளினின்றும் மணிக்கு ஏறக்குறைய பதினொன்றரை லிட்டர் ஹைட்ரஜன் வந்தது. கணக்கும் அளவும் பெரிதும் ஒத்தன. ஊசிமுனையில் ஏற்றிய சுடர் பகலிற் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒரு வைக்கோலை நீட்டி, அது பற்றுவதைக்கொண்டே தீயுண்டு என அறிந்தோம். சுடரின்மேல் குளிர்ந்த கரண்டியைப் பிடித்தபோது அதன்மேல் முத்து முத்தாய் நீர் அரும்பிற்று. நீரைப் பிரித்தோம், எரித்தோம், மீண்டும் நீரே வந்தது. அந்தக் கரண்டியை இருவரும் மாறி மாறி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்நேரத்தில் வணிகர் கூறியது மெய்யாக இருக்கலாகாதா என்று எம் நெஞ்சம் ஏங்கிற்று.

ஆச்சிக்குத் தேநீர் வைத்துக் கொடுக்க விரும்பினோம். சிறு டம்ளர் நீரைச் சுடரின்மேல் வைத்தோம். அரைமணி நேரம் கழிந்தது. வெந்நீர் ஆயிற்றேயன்றிக் கொதிக்கவில்லை. ஆச்சி முந்தானையாற் பிடித்து எடுத்து, கைகழுவப் பயன்படுத்திக்கொண்டார். அன்றிரவு கணக்கிட்டோம். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைப்பதற்கு, சுடரின் வெப்பத்திற் பாதி வீணாகுமாயின், ஏறத்தாழ 50 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். எம் கருவி அதனைத் தர நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். செலவாகும் மின்சாரம் கால் யூனிட்டுக்குச் சிறிது அதிகம். அதே மின்சாரத்தை மின்சாரக் கெட்டிலில் நேரே செலுத்தினால் ஏறக்குறைய மூன்று லிட்டர் நீர் கொதிக்கும். சமையல் வாயு உருளை ஒன்றில் உள்ள 14.2 கிலோ எரிபொருளுக்கு ஈடாக ஐந்தரைக் கிலோ ஹைட்ரஜன் போதும், எடை குறைவுதான். ஆனால் அழுத்தாமல் வைத்தால் அது ஐந்தரை மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை முழுவதையும் நிரப்பும். ஹைட்ரஜனால் ஓடும் மோட்டார் வண்டிகளில் அதனை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்தி வைக்கின்றனர். அவ்வேலை வீட்டில் எண்ணத்தக்கதன்று.

எஞ்சினின் கணக்கை எழுதும்போது கை தயங்கிற்று. ஒரு லிட்டர் டீசலின் வெப்பம் ஏறத்தாழ 10 யூனிட்டு. தந்தையாரின் எஞ்சின் ஒரு மணியிற் குடிப்பது பன்னிரண்டரை யூனிட்டு. வணிகரின் பெட்டி எம் பெட்டியை ஒத்ததாயின் ஒரு மணியில் அது கொடுக்கும் வாயுவின் வெப்பம் 0.037 யூனிட்டு, முந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் இலவசமன்று. டீசலின் வெப்பம் 100 பங்கெனின் எஞ்சின் அதில் ஏறக்குறைய 30 பங்கையே சுழற்சியாக்கும். அந்த முப்பதையும் டைனமோவுக்கே கொடுத்தாலும் மின்சாரமாகி வருவது 18 பங்களவே; நீரைப் பிரித்து வாயுவாகும்போது 11 ஆகும்; அவ்வாயுவை அதே எஞ்சினில் எரித்தால் மீளக் கிடைப்பது மூன்று பங்கு. முப்பது கொடுத்து மூன்று வாங்கும் வியாபாரம். பெட்டியைப் பெரிதாக்கினால் இழப்பும் பெரிதாகுமேயன்றி இலாபம் பிறவாது. இதனை இருவரும் தனித்தனியே மும்முறை போட்டுப் பார்த்தோம். எங்கேனும் பிழையிருக்கக் கூடாதா என்றே பார்த்தோம். பிழையில்லை. ஒரு வாரம் தந்தையாரிடம் கூறாதிருந்தோம். அவர் முகத்திலிருந்த நம்பிக்கை அத்தகையது.

அவரே கேட்டபோது காகிதத்தைக் காட்டவில்லை. "கிணத்துத் தண்ணிய எஞ்சின் போட்டு மேல ஏத்துதோம், அந்தத் தண்ணிய உருளையில விழவச்சு, அந்த உருளையால எஞ்சினை ஓட்டலாமாப்பா?" என்றோம். சிறிது நேரம் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "அப்போ எம் பானையில மொண்டு எனக்கே சோறு போடுதானா?" என்று கேட்டார். எம் பன்னிரண்டு பக்கக் கணக்கு ஒரு வரியில் அடங்கிவிட்டது.

வணிகர் குறித்த நாளில் வந்தார். தந்தையார் சண்டையிடவில்லை. ஐந்து லிட்டர் டீசலை அளந்து ஊற்றி, பெட்டியின்றி ஒருமுறையும் பெட்டியோடு ஒருமுறையும் எஞ்சினை ஓடவிட்டு, எத்தனை பாத்தி நனைகின்றது என்று எண்ணுவோம் என்றார். உழவர்க்கு அதனினும் நல்ல அளவுகோல் இல்லை. வணிகரோ, எஞ்சினுக்குள் படிந்த கரி நீங்கிப் பல வாரங்கள் கழித்தே பயன் தெரியும் என்று விடையிறுத்தார். "அப்ப பல வாரம் கழிச்சே ரூவாயும் தாரேன்" என்றார் தந்தையார். வணிகர் காப்பி குடித்துவிட்டுச் சென்றார். மேலத்தெருவில் ஒருவர் வாங்கினார். கார்த்திகைக்குள் அப்பெட்டியின் நீர் பழுப்பேறி, பெட்டி வைக்கோற்போருக்கு அருகே கிடந்தது. அவரிடம் முன்னரே சென்று கூறாமைக்கு யாம் இன்றும் நாணுகின்றோம். தந்தையாரோ சூரிய ஒளியால் இயங்கும் பம்புக்கு அரசு மானியம் உண்டெனக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றார்.

இவையெல்லாம் கண்டு, நீரைப் பிரித்தல் வீண் வேலை என்று எவரும் எண்ணற்க. எரிப்பதற்கென்று அதனைச் செய்வதே எம் வீட்டிற் பொருந்தாததாயிற்று. வேறு எவ்வாற்றானும் கிடையாத பொருளாக ஹைட்ரஜன் வேண்டப்படும் இடங்கள் உள்ளன. நார்வே நாட்டின் வெமார்க்கில் அருவியின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்து, அதனின்று உரம் ஆக்கினர். நம் நாட்டிலும் பக்ரா அணையின் மின்சாரத்தைக்கொண்டு நங்கலில் 1960-களின் தொடக்கத்தில் அவ்வாறே செய்தனர். பின்னர் நிலவாயுவினின்று ஹைட்ரஜன் எடுத்தல் மலிவாயிற்று. அதனோடு கரியமில வாயுவும் மிகுதியாக எழலாயிற்று. அது பற்றியே இன்று பல நாடுகளும் மீண்டும் நீரை நோக்குகின்றன. 2023-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் ஒன்றனுக்கு ஒப்புதல் அளித்தது. எம் ஊரினின்று அதிகத் தொலைவில்லாத தூத்துக்குடித் துறைமுகத்திலும் 2025-ஆம் ஆண்டில் சோதனை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. மணிக்குப் பத்துக் கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் அளவினது. எம் பெட்டியைப்போல் எண்ணூறு பெட்டிகட்கு மேல் சேர்ந்தாலன்றி அவ்வளவு வாராது. எம் மிளகாய்க்கு இடும் யூரியாவின் ஒவ்வொரு மூட்டையும் எங்கோ ஹைட்ரஜனைக் கொண்டே பிறந்தது என்று கூறியபோது, தந்தையார் அப்பெட்டியைப் பற்றிக் கேட்டதினும் கூர்ந்து கேட்டார். அதனைத் தொழுவத்திற் செய்ய முடியுமா என்று உடனே வினவினார். முடியாது என்று இம்முறை விரைந்தே கூறினோம்.

கருவியைக் கழற்றித் தகடுகளைக் கழுவியபோது அவற்றுள் ஒன்றன் பின்புறத்தில், ஆச்சியின் தகப்பனார் பெயரின் முதலெழுத்து வெட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். அவர் மணநாளிற் கொடுத்த தாம்பாளம் அது. எம் விடுதிச் செலவில் மிச்சம் பிடித்துப் பொங்கலுக்குப் புதுத் தாம்பாளம் ஒன்று வாங்கிச் சென்றோம். ஆச்சி அதனை விரலாற் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தார். கனம் போதாது என்றார். எழுத்து வெட்டிய தகடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டனையும் சேர்த்துப் பரணில் ஏற்றிவைத்தார்.